விம்பிள்த்ராப் வீட்டு நாலு மணி மழை

வெள்ளைக்கரடு ஜங்ஷனுக்கு மேலே வானம் என்று ஒன்று இருப்பதே துணி காயப்போடத்தான் என்று ஊர்க்காரர்களே சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். மேற்கே மலையில் இடி இடித்து, மின்னல் வெட்டி, மேகமெல்லாம் ஜமாவாகப் புறப்பட்டு வந்து, ரயில்வே கேட்டைப் பார்த்ததும் எதையோ வீட்டில் மறந்து வைத்துவிட்டதுபோல அப்படியே திரும்பிப் போய்விடும். அப்படிப்பட்ட ஊரில்தான், ஓய்வுபெற்ற கூட்ஸ் கார்டு மெர்வின் விம்பிள்த்ராப்பின் தலைமேல் மட்டும், தினமும் சாயந்திரம் நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும், பொங்கல் தீபாவளி கிறிஸ்துமஸ் என்று எந்த லீவும் எடுக்காமல், பொடிப்பொடியாக மழை பெய்துகொண்டிருந்தது.

அவரைச் சுற்றிப் பதினோரு அடிக்குத்தான் பெய்யும். பன்னிரண்டாவது அடியில் மிளகாய் காயப்போடலாம், போட்டார்கள். வீட்டுக்குள் இருந்தால் ஓட்டுக்குக் கீழேயே, கட்டில்மேலேயே பெய்யும் என்பதால், நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே அவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவார். மகள் டோரீனுக்கும் அதே கதிதான். தபால் ஆபீசில் வேலை பார்த்தவள், மூணே முக்காலுக்கே கவுண்ட்டரை இழுத்து மூடிவிட்டு ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேருவாள், இல்லாவிட்டால் ஊருக்கு வந்த கடிதமெல்லாம் ஊறிக் கூழாகிவிடும். மெர்வின் சர்வீசில் இருந்த காலத்தில், சிமெண்ட் ஏற்றிய வண்டிக்கு இந்த ஆளைப் போடாதீர்கள் என்று மேலிடத்திலிருந்து ஓலையே வந்தது. ஏன் பெய்கிறது என்று அதில் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

காரணம் அந்தப் பேர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. மெர்வினின் தங்கை மார்லீன் கல்யாணமாகி, மாதா கோயில் பதிவேட்டில் முதல்முதலாகப் புருஷன் பேரைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டபோது மணி நாலே கால், பேனா அடுத்த எழுத்துக்குப் போவதற்குள் குழாயைத் திருகியதுபோல் அவள் மழை நின்றுபோனதை இருநூறு பேர் பார்த்தார்கள். பேர் போனால் மழை போகும். அவ்வளவுதான் சூத்திரம்.

மற்ற ஊராக இருந்தால் பத்திரிகைக்காரனைக் கூப்பிட்டிருப்பார்கள், சாமியார் யாராவது வந்து குடிசை போட்டிருப்பார். வெள்ளைக்கரட்டில் குடத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். முதலில் பக்கத்து வீட்டு ராமாத்தாள் ஒரு குடம் வைத்தாள், மறுநாள் தெருவே வைத்தது, அடிதடி வந்தது, அடிதடி வந்ததால் சங்கம் வந்தது. 'நாலு மணி மழை நலச் சங்கம்' என்று பலகை மாட்டி, தார்ப்பாயைப் புனல்போலக் கட்டி, குழாய் வைத்துத் தொட்டியில் இறக்கி, ராமாத்தாள் தலைவியானாள், மெர்வின் கௌரவத் தலைவரானார். கௌரவத் தலைவருக்கு உண்டான கௌரவம் என்னவென்றால், தலைக்கு எண்ணெய் தேய்க்கக் கூடாது, தண்ணீரில் மிதக்கிறது. சென்ட் போடக் கூடாது. ராத்தங்கல் வெளியூர் போகக் கூடாது.

இத்தனைக்கும் மெர்வின் அலுத்துக்கொள்ளவில்லை, சொல்லப்போனால் ராஜா சிம்மாசனத்தில் உட்கார்வதுபோலத்தான் அந்த முக்காலியில் உட்கார்ந்தார். அண்டங்காக்கை நிறத்தில், ஆறடி உயரத்தில், நனைந்த மீசையை நீவிவிட்டுக்கொண்டு, தன் பாட்டனுக்குப் பாட்டன் இங்கிலாந்தில் கோட்டை கட்டி ஆண்டவன், ராணியோடு ஒரே மேஜையில் சாப்பிட்டவன், பாலம் கட்ட இந்த ஊருக்கு வந்து ஊர்மேல் இரக்கப்பட்டுத் தங்கிவிட்டவன் என்று தினமும் சொல்லுவார். "அப்புறம் ஏனுங்க தொரை இந்தக் கலரு?" என்று யாராவது கேட்டால், "நாலு தலைமுறை வெயிலப்பா, தீஞ்சுபோச்சு" என்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் முள்கரண்டியால் சாப்பிடுவார், மீதி ஆறு நாளும் களியும் கீரைக் கடைசலும். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று ராமாத்தாள் சொல்லிக்காட்டுவாள், அது உண்மைதான் என்று அவருக்கும் உள்ளுக்குள் தெரியும். ஆனாலும் மனுஷனுக்கு நனைவதற்கு ஒரு காரணம் வேண்டாமா?

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் டோரீனுக்கு முப்பத்தொன்று முடிந்தது.

வந்த வரன்களை ஊர்தான் விரட்டியது. பேரோடு மழையும் போய்விடும், மெர்வினுக்கும் வயசாகிறது, அப்புறம் குடத்தை எங்கே வைப்பது? ஒருத்தனிடம் பெண்ணுக்கு ஜன்னி என்றார்கள், இன்னொருத்தனிடம் அவள் போகிற வீட்டில் சுவரெல்லாம் பாசி பிடிக்கும் என்றார்கள், அதுவாவது உண்மை. கடைசியில் சங்கத்தில் தீர்மானமே போட்டார்கள், விம்பிள்த்ராப் பேருக்கு வேறு வழி பிறக்கும் வரை டோரீன் கல்யாணம் செய்துகொள்வதற்கில்லை என்று. அந்தத் தீர்மானத்தின் அடியில் முதல் கையெழுத்து கௌரவத் தலைவருடையது. பேர் அழியக் கூடாது என்கிற வெறியில், பெற்ற மகளுக்கு எதிராகத் தன் கையாலேயே, முழுப் பேரையும் சுழித்துச் சுழித்துப் போட்டார் மெர்வின்.

டோரீன் அதைப் படித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ரயில்வே கேட் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த மௌனசாமியிடம் போய்த்தான் சொன்னாள். இரண்டு வருஷமாக அவன் தினமும் அவளிடம் ஒரே ஒரு ஸ்டாம்பு வாங்கிக்கொண்டிருந்தான், யாருக்கும் கடிதம் எழுதியதில்லை.

மௌனசாமி பேருக்குத்தான் மௌனசாமி. நேரே சங்கத்துக்கு வந்து, "ஏனுங்க, பேரு போனாத்தானே மழை போகுது? அவுங்க என்ற பேருக்கு வர வேண்டாம், நான் அவுங்க பேருக்கு வந்துக்கறனுங்க, எனக்கென்ன, போர்டுல ரெண்டு எழுத்துச் சேத்தி எழுதோணும் அவ்வளவுதான" என்று பொரிந்து தள்ளினான். ஊருக்கு அது பிடித்துப்போனது. நோட்டரியிடம் எழுதி, அரசிதழில் போட்டு, மௌனசாமி விம்பிள்த்ராப் ஆகி, நல்ல நாள் பார்த்து நாலு மணிக்கு மெர்வினுக்குப் பத்து கஜம் தள்ளி அவனை உட்கார வைத்தார்கள், சுற்றிலும் எட்டுக் குடம். ஒரு சொட்டு இல்லை. ஐந்து மணி வரைக்கும் உட்கார்ந்து, தலை சுற்றிப்போய், ராமாத்தாள் குடுத்த மோரைக் குடித்துவிட்டு எழுந்தான்.

"ரத்தம் வேணுமப்பா, ரத்தம்!" என்றார் மெர்வின், தன் மழைக்குள் உட்கார்ந்தபடியே, ஒரு பெரிய மகிழ்ச்சியோடு. "பேர எவன் வேணா எழுதிக்கலாம். அது ராஜ வம்சம்."

"அப்ப என்ற கல்யாணம்?" என்று கேட்டாள் டோரீன்.

"வம்சத்துல ஒரு பையன் எங்காச்சும் இருப்பான், டோரி. இங்கிலாந்துல தேடுவோம்."

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்பார்களே, அதை மெர்வின் அன்றைக்கே செய்தார். அபூர்வமான குடும்பப் பேர்களைச் சேகரிக்கிற ஒரு சீமாட்டி அங்கே இருக்கிறாள் என்று யாரோ சொல்ல, பன்னிரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதி, தன் கோட்டையை, ராணியை, பாலத்தை எல்லாம் விவரித்து, எங்கள் ரத்தத்துக்கு ஒரு சான்றிதழும் கல்யாண வயசில் ஒரு பையனும் தயவுசெய்து அனுப்பவும் என்று முடித்தார். டோரீன்தான் ஸ்டாம்பு ஒட்டினாள்.

ஏழு மாதம் கழித்து பதிலுக்கு அந்தச் சீமாட்டியே வந்து இறங்கினாள். மிஸ் ஹெட்லி என்று பேர், எழுபது வயசு, முழங்கால் வலி, தோளில் ஒரு துணிப்பை. மூணு மணி பாசஞ்சரில் வந்து, தெருவே கூடி மாலை போட்டு, மெர்வினின் முக்காலிக்கு எதிரே, மழை எட்டாத தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஆங்கிலத்தில் வரவேற்க எழுந்த மெர்வினுக்கு நாற்பது வருஷ ரயில்வே ஆங்கிலம்தான் நாக்கில் வந்தது. "லைன் கிளியர் மேடம், ரைட் டைம்" என்றார். அதற்குப்பின் டோரீன்தான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசினாள்.

"கோட்டை எல்லாம் கெடையாதாம் டாடி," என்று ஆரம்பித்தாள். விம்பிள்த்ராப் என்பது ஒரு பள்ளத்தில் இருந்த ஏழு வீடு. பேரில் முன்பாதிக்கு அர்த்தம் ஏதோ ஒரு மாதிரிச் சகதி, பின்பாதிக்கு அர்த்தம் குக்கிராமம். அங்கே இருந்தவர்கள் செம்மறி மேய்த்தார்கள், பஞ்சம் பிழைக்க வேறு ஊருக்குப் போனபோது எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டவர்களுக்கு ஊர்ப் பேரைச் சொன்னார்கள், அதுவே அவர்கள்மேல் ஒட்டிக்கொண்டது. அந்த ஏழு வீடும் இப்போது ஒரு அணைக்கட்டுத் தண்ணீருக்குள் கிடக்கிறது. பேர் வைத்திருந்தவர்கள் எந்தக் காலத்திலும் அறுபது பேரைத் தாண்டியதில்லை, ராணி என்ன, ஒரு தாசில்தாரோடுகூட அவர்கள் மேஜையில் உட்கார்ந்ததில்லை. கடைசி ஆள் ஒரு பஸ் கண்டக்டர், மிஸ் ஹெட்லிக்குத் தாய்மாமன், போன வருஷம் செத்துப்போனார்.

"அங்கயும் அவுங்க மேல பெய்யுமான்னு கேளு அம்மிணி," என்றாள் ராமாத்தாள்.

டோரீன் கேட்டாள். மிஸ் ஹெட்லி சொன்ன பதிலைத் தமிழில் திருப்பிச் சொன்னாள். "அந்த ஊர்ல எல்லாரு மேலயும்தான் எப்பப் பாத்தாலும் பெய்யுமாம் பெரிம்மா, அதனால ஆரும் கவனிக்கலையாம்."

கூட்டம் சிரித்தது. மெர்வினும் சிரிக்கப் பார்த்தார். பள்ளமோ சகதியோ இருக்கட்டும், ரத்தம் ரத்தம்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு, "எங்க பாட்டனப் பத்திக் கேளு" என்றார்.

மிஸ் ஹெட்லி பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அந்தக் காலத்துப் பாதிரி ஒருவரின் நாட்குறிப்பில் ஒரு பக்கத்தின் நகல். அதை டோரீன் வாங்கித் தனக்குள் படித்தாள். முகம் மாறியது. பிறகு ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். ஜோசையா விம்பிள்த்ராப், வயது பத்தொன்பது, ரயில் பாதைக்கு அளவுச் சங்கிலி பிடிக்க வந்தவன், வந்து இருபத்துமூன்றாம் நாள் வாந்திபேதியில் செத்தான். கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை இல்லை. நோயில் கிடந்தவனை முகாமுக்குத் தண்ணீர் சுமந்த மாரப்பன் தன் குடிசையில் போட்டுப் பார்த்துக்கொண்டான். அந்த வாரம்தான் மாரப்பன் பெண்டாட்டி காளியாத்தாளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. சொந்தபந்தம் இல்லாமல் தன் வீட்டில் செத்தவன் தாகத்தோடு அலைவான், பேர் சொல்ல ஆள் இருந்தால் அடங்குவான் என்று, அவள் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்து, செத்தவன் பேரை அப்படியே முழுசாகத் தன் பிள்ளையின் காதில் மூணு தரம் சொல்லிவிட்டாள். அதில் எது அவன் பேர், எது குடும்பப் பேர் என்று அவளுக்கு எப்படித் தெரியும், அவள் சாதி சனத்தில் அப்படி ஒன்று கிடையவே கிடையாதே. மீதி மிஸ் ஹெட்லி ரயில்வே ஏடுகளில் தேடிக் கண்டது: அந்தப் பிள்ளை வளர்ந்தது, வேலைக்குப் போனது, பேரைப் பார்த்து வேலை குடுத்தவர்கள் ஆளைப் பார்த்து முழித்தார்கள், குடுத்தது குடுத்ததுதான் என்று விட்டுவிட்டார்கள்.

நாட்குறிப்புப் பக்கத்தின் கடைசியில் பாதிரி ஒரு வரி எழுதியிருந்தார்: அந்தக் குழந்தை எப்போதும் ஈரமாகவே இருக்கிறது, ஆனால் குழந்தை என்றால் அப்படித்தானே என்கிறாள் தாய்.

மெர்வினின் மானம் வந்த வழியே கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது. நாலு தலைமுறையாகத் தீய்ந்துபோனதாகச் சொன்ன தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அது அசல் மாரப்பன் தோல்தான், வெயிலுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. அப்போது மணி மூணு ஐம்பத்தெட்டு. இனி எங்கே பெய்யப்போகிறது என்று அவர் அண்ணாந்து பார்த்தார், கூட்டமும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தது.

நாலு அடித்தது. என்றைக்கும்போல, பொடிப்பொடியாக, அப்பன்மேலும் மகள்மேலும் பெய்ய ஆரம்பித்தது.

மெர்வினுக்கு முதலில் அழுகை வந்தது, அப்புறம் அதற்குமேல் சிரிப்பு வந்தது. "ராணியாம், ஒரே மேஜையாம்! தண்ணி தூக்குனவன் பேரனுக்குப் பேச்சப் பாரு, முள்கரண்டி கேக்குதாம் முள்கரண்டி!" என்று தன் தலையிலேயே குட்டிக்கொண்டார். மழைக்கு எல்லாம் முன்னாலேயே தெரிந்திருக்கிறது, தான்தான் தெரியாமல் இருந்திருக்கிறோம் என்று நினைக்க நினைக்க அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

டோரீன் சிரிக்கவில்லை. "டாடி, அப்ப ரத்தம் ஒண்ணும் இல்லையே?"

"ஒரு சொட்டு இல்ல மகளே."

"மௌனசாமி நம்ம பேர எழுதித்தான் எடுத்துக்கிட்டாரு, ஆரும் குடுக்கல. காளியாத்தா குடுத்தா. அப்ப நானும் ஆருக்கு வேணாக் குடுக்கலாமே." அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. "ஆருக்கு வேணும்? மழை இங்கயே இருக்கும். நான் போறேன்."

முப்பத்தேழு குடும்பம் நின்றது அங்கே. ஒருத்தர் குடத்தின் கழுத்தைத் தடவினார், இன்னொருத்தருக்கு அடுப்பில் பால் இருப்பது ஞாபகம் வந்தது, தண்ணீருக்காகப் பல்லை உடைத்துக்கொண்ட இரண்டு பேர் நீங்க முதலில் நீங்க முதலில் என்று அப்படி ஒரு மரியாதை காட்டினார்கள். மௌனசாமி மட்டும், "ஏனுங்க, எனக்கே குடுத்துருங்க, நான் இருந்துக்கறேன்" என்று முன்னால் வந்தான். "நீ சும்மா இரு" என்று அதட்டினாள் டோரீன்.

"அன்னைக்குக் கையெழுத்துப் போட மட்டும் கியூ கட்டி நின்னமே, இப்ப என்ன?" என்றார் மெர்வின். "நானும் அதுல மொத ஆளு, இல்லேங்கல. அந்தக் காகிதத்த எங்க வெச்சிருக்கீங்க, கொண்டாங்க, எனக்கு அதக் கிழிக்கோணும்." மகள் பக்கம் திரும்பினார். "டோரி, அப்பன் தப்புப் பண்ணிப்போட்டேன் சாமி."

காகிதம் ராமாத்தாள் இடுப்பிலேயே இருந்தது, சங்கத்துச் சாவிக்கொத்தோடு. அவள் அதை எடுத்துக் குடுத்தாள். எல்லாரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா, இப்போது ஒதுங்கினால் சாகிற வரைக்கும் சொல்லிக்காட்டுவார்கள், தலைவி என்று பலகையில் வேறு எழுதியிருக்கிறது. "என்னங்கடா பெரிய பேரு," என்று முந்தானையை உதறிச் சொருகினாள். "பேருதான, பேயா? கொண்டா அம்மிணி, எங்க உக்காரோணும் சொல்லு."

மௌனசாமி தன் கடை நாற்காலியைக் கொண்டுவந்து, டோரீனின் மழைக்கு வெளியே, காய்ந்த மண்ணில் போட்டான். ராமாத்தாள் உட்கார்ந்தாள். டோரீன் சொம்பில் தண்ணீர் எடுத்து அவள் காலடியில் வைத்து, கைவிரலால் அவள் காது மடலை நனைத்துவிட்டு, குனிந்து, தன் பேரின் பின்பாதியான விம்பிள்த்ராப்பை மூணு தரம் சொன்னாள். மூணாவது தரம் சொல்லும்போது டோரீன் தோள்மேல் பெய்துகொண்டிருந்தது நின்றுவிட்டது. அவள் நிமிர்ந்து பன்னிரண்டு அடி பின்னால் போய் வெயிலில் நின்றாள், என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிழிந்துகொண்டு நின்றாள். மிஸ் ஹெட்லி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, உயிரோடிருப்பவர்கள் என்ற தலைப்பின் கீழ், டோரீனிடம் கேட்டுக் கேட்டு, ராமாத்தாள் என்று எழுதிக்கொண்டாள்.

ராமாத்தாள் தலைமேல் அவளுக்கென்றே முதல் தூறல் விழுந்ததும் ஊர் கைதட்டியது. அவளும் கும்பிட்டுச் சிரித்தாள். குடங்கள் நகர்ந்து வந்தன. ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று. பிடரிக்குள் இறங்கி, ரவிக்கைக்குள் இறங்கி, புடவை காலோடு ஒட்டி, சிரிப்பு எங்கோ போய், அவளுக்குத் தாடை கிடுகிடுவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. சுற்றிலும் கொளுத்துகிற வெயிலில் நின்றவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவள் குடங்களைப் பார்க்கவில்லை, டோரீனைப் பார்த்தாள்.

"இப்புடியா அம்மிணி குளிரும்?" என்றாள். "மார்கழித் தண்ணியாட்ட இருக்குதே. தெனமுமா இப்புடி? பொறந்ததுல இருந்தா?"

"ஆமாங்க பெரிம்மா."

"ஒரு வார்த்த சொல்லலையே நீ."

"நீங்க கேக்கலையேங்க," என்றாள் டோரீன்.

ராமாத்தாள் தலையைத் திருப்பினாள். அந்தப் பக்கம் முக்காலியில் மெர்வின், அறுபத்தாறு வருஷம் நனைந்த உடம்பு, எண்ணெய் காணாத தலை, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் தாடையும் அடித்துக்கொண்டிருந்தது. எப்போதுமே அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, மீசைக்குள் தெரியாமல்.

"ஏ, மரமாட்ட நிக்காதீங்கடி!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினாள் ராமாத்தாள். "குடத்த அக்கட்டால தள்ளிப்போட்டு ஆராச்சும் ஒரு துண்டு எடுத்தாங்க. எனக்கில்ல, அந்த மனுசனுக்கு."